ஆளொழிந்த வீடுகளும் ஒரு கூலர் விசிறியும்

இதை நான் எழுதாமல் விட்டால், என் மனைவியைப் பற்றிய இரு பிழையான செய்திகளே நிலைத்துவிடும். தில்லி சரோஜினி நகரின் பழைய அரசுக் குடியிருப்பில் எங்களோடு வாழ்ந்து, இன்று கிட்வாய் நகரிலும் பிற இடங்களிலும் குடியேறிவிட்ட தமிழ்க் குடும்பத்தாருள் சிலர், நாங்கள் கடைசியாக இருந்த வீட்டில் ஏதோ நடமாடியது என்கின்றனர். வேறு சிலர், அந்த அம்மாவுக்கு அறிவு தடுமாறிவிட்டது, பாவம், என்கின்றனர். இரண்டும் உண்மையல்ல. உண்மை ஒரு வட்ட இயக்கக் கணக்கில் இருக்கிறது. அவ்வீடு இடிக்கப்பட்டுவிட்டமையால் இனி எவரும் நேரில் சென்று சரிபார்க்க இயலாது. ஆகவே கண்டதையும் கணித்ததையும் அலகு பிசகாமல் இங்கே பதிவு செய்கிறேன்.

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். மகன் மத்திய அரசுப் பணியில் இருக்கிறான். அவனுக்கு ஒதுக்கப்பட்ட தரைத்தள வீட்டில் நாங்கள் மூவரும் வசித்தோம். அந்தக் கோடையில் எங்கள் வரிசைகளை இடித்துவிட்டு அடுக்குமாடிகள் எழுப்பப் போவதால், குடும்பங்கள் ஒவ்வொன்றாக வெளியேறிக்கொண்டிருந்தன. ஒரு வீடு காலியானால் அன்றே அதன் கதவுக்கு முத்திரையிடுவர். ஓரிரு நாளில் சன்னல் சட்டங்கள் எப்படியோ மறைந்துவிடும். அதன்பின் அவ்வீட்டின் முகத்தில் கரிய துளைகள் மட்டுமே இருக்கும். எங்களுக்கு மாற்று வீடு ஒதுக்கப்படத் தாமதமாயிற்று. மாலைகளில் சற்றுத் தொலைவிலிருந்து கடைவீதியின் பேரிரைச்சல், ஆயிரம் பேர் துணிக்கு விலை பேசும் ஓசை, காற்றில் மிதந்து வரும். அருகில் மட்டும் மனிதக் குரல் இராது. அவ்விரைச்சல் எங்களைச் சுற்றியிருந்த அமைதியை இன்னும் ஆழமாக்கியது.

தில்லிக் கோடையை அறியாதோர்க்குக் கூலரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ஒரு பெரிய தகரப் பெட்டி. மூன்று பக்கங்களில் நனைந்த புல் தட்டிகள், அடியில் தண்ணீர், நான்காம் பக்கத்தில் நான்கு இறக்கை விசிறி. பெட்டியைச் சன்னலுக்கு வெளியே இரும்புச் சட்டத்தில் ஏற்றி, விசிறியின் முகம் அறையை நோக்குமாறு பொருத்துவர். எங்கள் கூலர் என் மனைவியின் அறைச் சன்னலை முழுவதும் அடைத்துக்கொண்டிருந்தது. அவள் மாலைதோறும் அதன் எதிரே அமர்ந்து, தொடையில் தாளமிட்டுப் பாடிப் பழகுவாள். யாருக்காகவும் அன்று. இளமையில் முறையாகக் கற்றதை விடாமல் காத்துவந்தாள், அவ்வளவே. அவ்வறையின் பழைய விளக்கு கெட்டுப்போனபோது, மகன் கடைவீதி நடைபாதையில் ஒரு எல்.இ.டி. பல்பு வாங்கி வந்து மாட்டினான்.

சில நாள் கழித்து அவள் என்னை அழைத்தாள்.

"ஏங்க, இங்க கொஞ்சம் வாங்களேன். இந்தக் காத்தாடி பின்னால சுத்துது."

"பின்னால சுத்தினா காத்து வெளியல்லா போகணும்? உன் முந்தானை இந்தப் பக்கம்தானே பறக்கு?"

"அதான் எனக்கும் விளங்கல. காத்து வருது. காத்தாடி மட்டும் பின்னால போகுது. மெதுவா. ஆள் நடக்க மாதிரி."

கண்புரை அறுவைக்குப் பின் எனக்குப் பழைய இழை விளக்கின் மஞ்சள் ஒளிதான் உகந்தது. எதையும் உற்றுப் பார்க்க வேண்டுமாயின் என் மேசை விளக்கை எடுத்துச் செல்வேன். அன்றும் அவ்வாறே கொண்டுபோய், சுவரில் செருகி, அதன் முகத்தை விசிறியின் பக்கம் திருப்பினேன். கம்பி வலைக்குப் பின்னால் சாம்பல் நிற வட்டம் ஒன்று கலங்கித் தெரிந்தது. எந்த விசிறியும் ஓடும்போது அப்படித்தான் தெரியும்.

"சரியாத்தானே ஓடுது."

"நீங்க வெளக்கக் கொண்டு வந்தா ஒளிஞ்சிருது," என்றாள். சிரிக்கவில்லை.

பிறகு பலமுறை அழைத்தாள். ஒவ்வொரு முறையும் விளக்கோடு சென்றேன். ஒவ்வொரு முறையும் அது ஒளிந்துகொண்டது. நான் என் அறைக்குத் திரும்பியதும் மீண்டும் வந்துவிட்டது என்று குரல் கொடுப்பாள். ஒரு கட்டத்தில் அழைப்பதையே நிறுத்திவிட்டாள். அவள் பாட்டோடு, ஆவர்த்தனம் ஆவர்த்தனமாக, முழுத் தாளம் ஒவ்வொன்றாக, கை தொடையில் விழும் ஓசை கேட்கும். ஆனால் கவனம் பாட்டில் இல்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

இதை மகன் சாப்பாட்டு மேசையில் கேட்டறிந்தான். அவனை அச்சுறுத்தியது விசிறி பின்னால் சுழன்றது என்ற கூற்றன்று. அதற்கடுத்து அவள் சொன்னதுதான்.

"முதல்ல ஒரு ஆவர்த்தனத்துக்கு அஞ்சு சுத்து வந்துது. பக்கத்து வீட்டுக்காரங்க போனதும் நாலாச்சு. மேல் வீட்டுக்காரங்க போனதுக்கப்புறம் மூணு. வீடு காலியாக ஆக அது மெதுவாகிக்கிட்டே வருது."

மகன் கையிலிருந்த சப்பாத்தியைத் தட்டில் வைத்தான். அதற்கு முந்தைய குளிர்காலத்தில் கடுங்காய்ச்சலின்போது அவள் இரண்டு நாள் இல்லாத ஆட்களோடு பேசிக்கொண்டிருந்ததை நாங்கள் இருவரும் மறக்கவில்லை.

"அச்சா, சரிம்மா, நீங்களே சொல்லுங்க. மேல் வீட்டுக்காரங்க ஷிஃப்ட் ஆனா நம்ம கூலருக்கு என்ன?"

"அத நான் எப்படிச் சொல்ல? நான் என்ன மோட்டார் மெக்கானிக்கா? பாத்ததச் சொல்லுதேன்."

மறுநாள் இரவு, அதே மேசையில், மகன் சொன்னான்: "நரம்பு டாக்டர்கிட்ட வியாழக்கிழமை டைம் வாங்கியிருக்கேன். போன்லயே எல்லாம் சொன்னேன். மாத்திரை ஆரம்பிச்சா சரியாயிடும்ன்னார்."

அவள் எழுந்துவிட்டாள். "எங்க அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சாங்க. அதுக்கப்புறம் அவ ஒரு பாட்டு பாடல. கைல தாளமே நிக்கல. தூங்கித் தூங்கியே போய்ச் சேந்தா. எனக்கு அந்த மாத்திரை வேண்டாம்."

பின்பு என்னைப் பார்த்தாள். மகனிடம் வாய்விட்டுச் சொன்னாள்; என்னிடம் வந்தது வெறும் பார்வை.

அப்போது நான் ஒரு தமிழ் அறிவியல் இதழுக்காக வட்ட இயக்கம் பற்றிய பயிற்சிக் கணக்குகளை எழுதிக்கொண்டிருந்தேன். அவற்றின் முகப்பில் நான் வற்புறுத்திய விதி ஒன்றுதான்: எண்ணை எழுதுமுன் அலகை எழுதுக, எல்லா அளவுகளையும் மீட்டர், கிலோகிராம், விநாடி என்னும் ஒரே குடும்பத்துக்குக் கொணர்ந்த பின்னரே சமன்பாட்டைத் தொடுக. எங்கள் விசிறியே நல்ல எடுத்துக்காட்டு. கடைக்காரர் அதைப் பதினெட்டு அங்குல விசிறி என்பார். அது விட்டம். ஆரம் ஒன்பது அங்குலம், ஏறத்தாழ 0.229 மீட்டர். மோட்டாரின் தகட்டில் 1400 என்றிருந்தது. அது நிமிடத்துக்கு. விநாடிக்கு 23.3 சுற்று, ஒரு சுற்றுக்கு 2π ரேடியன் வீதம், கோணத் திசைவேகம் விநாடிக்கு 147 ரேடியன். ஆகவே இறக்கை நுனியின் வேகம் விநாடிக்கு 33 மீட்டருக்கு மேல். நெடுஞ்சாலையில் விரையும் காரை விட மிகுதி. நுனியின் மையநோக்கு முடுக்கம் புவியீர்ப்பைப் போல ஐந்நூறு மடங்கு. 1400ஐயும் 18ஐயும் அப்படியே இட்டால் மூன்றரைக் கோடி என விடை வரும். அவ்விடைக்கு இவ்வுலகில் பொருளில்லை.

அந்த வேகத்தில் ஓடும் இறக்கையைக் கண் பின்தொடராது. இதை அவளிடம் மென்மையாக எடுத்துரைத்தேன். மருத்துவரிடம் செல்ல அவளை இணங்கச் செய்வதே என் நோக்கம்.

"கணக்கு சரியாத்தான் இருக்கும்," என்றாள். "அது போடுத கணக்கு. இது பாக்குத கணக்கு."

செவ்வாய்க்கிழமை மாலை, இருள் கவியும் வேளையில், அவள் அறையில் அமர்ந்து என் விளக்கொளியில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். அவள் வழக்கம்போல் எதிரே இருந்தாள். திடீரென மின்சாரம் நின்றது. என் மேசை விளக்கு அணைந்தது. கூலரின் நீரேற்றியும் ஓய்ந்தது. அறை நடுவிலிருந்த பல்பு மட்டும் இன்வெர்ட்டரில் இணைக்கப்பட்டிருந்ததால் எரிந்துகொண்டே இருந்தது. புல் தட்டிகளில் நீர் சொட்டும் ஓசை கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன்.

சன்னலில் விசிறி அசையாமல் நின்றது. அதற்கு எட்டு இறக்கைகள் இருந்தன.

காற்று என் முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. மடியிலிருந்த தாள்கள் படபடத்தன. எட்டு இறக்கைகளும் ஒன்றுக்கொன்று சம இடைவெளியில், மங்கலாக, தண்ணீருக்கடியில் தெரிவனபோல நின்றன. பிறகு அவை தயங்கித் தயங்கிப் பின்னோக்கி நகர்ந்தன, குழம்பின, பன்னிரண்டாயின, மீண்டும் நின்றன. கம்பி வலைக்கு அப்பால், தகரப் பெட்டியின் ஈர இருளில், நிறுத்துவதும் நகர்த்துவதுமாய் ஒரு கை வேலை செய்வது போலிருந்தது. கடைசியில் அது உண்மையாகவே ஓய்ந்து, நான்கு இறக்கைகளோடு, எதுவும் அறியாதது போல் நின்றது.

"பாத்தியளா?" என்றாள் அவள், மிகத் தாழ்ந்த குரலில்.

"பாத்தேன்."

அவள் கண்களைத் துடைத்துக்கொண்டதை அந்தப் பல்பின் ஒளியில் கண்டேன்.

அன்று மாலையே, அதே ஒளியில், கணக்கிட அமர்ந்தேன். நம் வீட்டு மின்னோட்டம் விநாடிக்கு ஐம்பது முறை திசை மாறி மீள்வது. ஒவ்வொரு முறையும் இரு உச்சங்கள். ஆகவே மலிவான பல்பு விநாடிக்கு நூறு முறை மினுக்குகிறது. கண் அதை உணர்வதில்லை. ஆனால் சுழலும் பொருளை அது துண்டு துண்டாக வெட்டிக் காட்டுகிறது. என் இழை விளக்கோ அவ்வாறு அணைவதில்லை; அதன் ஒளி படும்போது வெட்டுகள் நிரம்பிவிடுகின்றன. நான் வந்தால் அது ஒளிந்துகொண்டதன் காரணம் இதுவே.

எஞ்சியது விகிதம். 1400ஐ 100ஆல் வகுத்தேன். பதினான்கு. பின்னமற்ற முழு எண். ஒரு மினுக்கலுக்கும் அடுத்ததற்கும் இடையே பதினான்கு முழுச் சுற்று. இறக்கை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் தென்படும். விசிறி அசையாது நிற்பதாகத் தோன்றும். அவ்விடையின் அழகில் மயங்கினேன். ஆனால் அதன்படி அவள் கண்டது பாதியே மெய். பின்னோக்கிய நகர்வு அவளாகக் கற்பித்துக்கொண்டது. மாத்திரை அந்தப் பாதிக்கு உரியது என்றாகிவிடும்.

வழக்கப்படி அலகுகளை எழுதியபோதுதான் கை நின்றது. மேலே இருந்தது நிமிடத்துக்கு. கீழே இருந்தது விநாடிக்கு. பதினான்கு என்பது எதன் எண்ணும் அன்று. திருத்தினேன். விநாடிக்கு 23.3 சுற்றெனில், ஒரு மினுக்கலுக்கு 0.233 சுற்று. நான்கு இறக்கைகளுக்கிடையே உள்ள இடைவெளியோ கால் சுற்று, 0.25. அதாவது அடுத்த மினுக்கலில் ஒவ்வோர் இறக்கையும் முன்னிருந்த இறக்கையின் இடத்தை எட்டாமல் சற்றே பின்தங்குகிறது. கண் அதைப் பின்னோக்கிய சுழற்சி என்று படிக்கிறது. சுருக்கமாக: விநாடிக்கு இருபத்தைந்து சுற்றுக்கு எவ்வளவு குறைவோ, அவ்வளவே பின்னோக்கிய சுழற்சி. மின்சாரம் நின்று விசிறி தளர்ந்து விநாடிக்குப் பன்னிரண்டரைச் சுற்றுக்கு வந்தபோது, ஒரு மினுக்கலுக்கு அரைக்கால் சுற்று; நான்கு இறக்கை எட்டாகத் தெரிந்தது அதனால்தான்.

திசை சரி. வேகம்? கணக்கின்படி விநாடிக்கு ஒன்றே முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவு. அவளுடைய அளவு விநாடியில் இல்லை, ஆவர்த்தனத்தில் இருந்தது. அதுவரை நான் அதை ஓர் அலகாகவே மதிக்கவில்லை. மின்சாரம் வந்தபின், என் விளக்கை அணைத்தே வைத்துவிட்டு, அவளைத் தாளமிடச் சொல்லிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அவளது ஒரு ஆவர்த்தனம் ஆறு விநாடி. மீண்டும் மீண்டும் பார்த்தேன், ஆறுதான். அவ்வாறாயின் ஆறு விநாடியில் பத்துச் சுற்று தெரிய வேண்டும். அவள் சொன்னது மூன்று.

"இன்னொரு தடவ எண்ணு."

"நீங்க எண்ணுங்க. எனக்குத் தெரியும்."

ஓர் இறக்கையைப் பற்றிக்கொண்டு எண்ணினேன். உச்சியிலிருந்து பின்னோக்கி இறங்கி, அடியைத் தொட்டு, மறுபக்கம் ஏறி உச்சிக்கு வந்தது. அவள் கை ஆவர்த்தனத்தை முடித்தபோது மூன்றாம் சுற்றும் முடிந்தது.

மூன்று சுற்று, ஆறு விநாடி: விநாடிக்கு அரைச் சுற்று. எனவே விசிறி விநாடிக்கு 24.5 முறை, நிமிடத்துக்கு 1470 முறை சுழல்கிறது. தகட்டிலுள்ளதைவிட விரைவாக. ஏன்? அங்கேதான் நான் நெடுநேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இருந்தேன். இவ்வகை மோட்டார் எவ்வளவு முயன்றாலும் நிமிடத்துக்கு 1500ஐ எட்டாது. மின்னழுத்தம் உயர உயர அதை நெருங்கும். ஒரே கம்பித் தொடரில் பல வீடுகள் மின்சாரத்தை இழுத்துக்கொண்டிருந்தவரை எங்களுக்கு அழுத்தம் குறைவாக வந்தது. ஒரு வீடு இருண்டால், அது உண்ணாமல் விட்டது எங்கள் சன்னலுக்கு வரும். விசிறி விரையும். விரைந்து இருபத்தைந்தை நெருங்குவதால், பின்னோக்கிய தோற்றம் மெதுவாகும். ஐந்து, நான்கு, மூன்று.

வீடு காலியாக ஆக அது மெதுவாகிக்கொண்டே வருகிறது என்று அவள் சொன்ன சொற்றொடரில் ஓர் எழுத்தும் பிழையில்லை.

புதன்கிழமை மாலை மகன் அலுவலகத்திலிருந்து வந்ததும், சட்டை மாற்றவும் விடாமல் அவனைக் கூலர் எதிரே அமர்த்தினேன். முதலில் என்னையும் ஐயத்தோடுதான் பார்த்தான். கழுத்திலிருந்த அலுவலக அடையாள அட்டையைக் கழற்றிப் பல்புக்குக் கீழே வேகமாக ஆட்டினான். ஒரு சீட்டுக்கட்டை விரித்தாற்போல் அட்டைகள் வரிசையாகத் தெரிந்தன.

"ஸாரிம்மா," என்றான். "இப்பவே போன் பண்ணி கேன்சல் பண்றேன்."

"ஸாரி எல்லாம் இருக்கட்டும். அந்த டாக்டரையும் கூட்டிட்டு வந்து இங்க உக்கார வை. அவருக்கு ஒரு மாத்திரை நான் தாரேன்."

நெடுநாளைக்குப் பின் அவ்வீட்டில் மூவரும் சிரித்தோம். வெளியே ஓசை போக இடமின்றி, அச்சிரிப்பு எதிர்வரிசையின் துளைகளில் பட்டுத் திரும்பியது போலிருந்தது. சிரிப்பை நாங்களே குறைத்துக்கொண்டோம்.

"நாளைக்கே நல்ல பல்பா வாங்கிட்டு வந்து மாத்திடறேன்," என்றான் மகன்.

"மாத்தாதப்பா," என்றாள் அவள். "இத மாத்திட்டா, இங்க எத்தன வீட்டுல ஆள் மிச்சம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவன் என்னைப் பார்த்தான். பல்பு அப்படியே இருந்தது.

அதன்பின் மாலைதோறும் இருவரும் விளக்கின்றி அமர்ந்தோம். அவள் தாளமிடுவாள், நான் எண்ணுவேன். ஒருநாள் இரண்டுக்கு வந்தது. "பின் வரிசைல இருந்தவங்களும் போயிட்டாங்க போல," என்றாள். மறுநாள் காலையில் பால் வாங்கச் சென்றபோது அந்தக் கதவிலும் முத்திரையைக் கண்டேன். எவரும் எங்களிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. அதற்குப் பின் அந்தக் கம்பித் தொடரில் எஞ்சியது எங்கள் வீடு ஒன்றே என்று அறிந்தேன். விசிறி ஒரு ஆவர்த்தனத்துக்கு இரண்டே சுற்றாகச் சில நாள் நிலைத்திருந்தது. கோட்பாடு இதற்கு மேல் இறங்க இடம் தரவில்லை. இனி ஒழிவதற்கு வீடில்லை.

எங்களுக்கு வீடு ஒதுக்கப்பட்டு, சாமான்களைக் கட்டத் தொடங்கிய வாரத்தில், ஒரு மாலை அவள் கை தொடையில் பாதித் தாளத்தில் நின்றது.

"ஏங்க. நாலு."

எண்ணினேன். நான்கு. மறுபடியும் எண்ணினேன். நான்குதான்.

"யாரோ வந்திருக்காங்க," என்றாள், விருந்தாளியைப் பற்றிச் சொல்வது போல.

மறுநாள் வெயில் ஏறுமுன் அவ்வரிசை முழுவதும், பின்வரிசை முழுவதும் நடந்தேன். எல்லாக் கதவுகளிலும் முத்திரை அப்படியே இருந்தது. சன்னல் துளைகள் வழியே உள்ளே பார்த்தேன். தூசியில் காலடி இல்லை. எங்கும் எதுவும் எரியவில்லை. மாலையில் மீண்டும் நான்கு. நாங்கள் கிளம்பிய நாள் வரை அது குறையவேயில்லை.

அவள் எண்ணியதில் எனக்கு ஐயமில்லை. நானும் உடனிருந்து எண்ணினேன். ஐயம் என் விளக்கத்தின் மீதே. மின்னழுத்தம் குறைய வேறு காரணம் இருந்திருக்கலாம். தொலைவில் எவரோ மின்மாற்றியில் கை வைத்திருக்கலாம். மோட்டாரின் தாங்குருளைகள் தேய்ந்திருக்கலாம். கோடை முற்றியதால் பிற பகுதிகள் மிகுதியாக இழுத்திருக்கலாம். நான் கல்லூரிப் பாடத்தளவே அறிந்தவன், மின்பொறியாளன் அல்லேன். மேலே கண்ட எண்களிலோ, அலகு மாற்றங்களிலோ, நூறு என்று நான் கொண்ட மினுக்கலிலோ பிழை காண்பவர், எவ்வளவு சிறிய பிழையாயினும், இதழின் முகவரிக்கு எழுதித் திருத்தியருள வேண்டுகிறேன். மூன்றிலிருந்து இரண்டானதற்கு நான் கூறிய காரணம் பொருந்துமா, இரண்டிலிருந்து நான்கானதற்கு ஆளற்ற இடத்தில் பொருந்தக்கூடிய காரணம் எது என்பவற்றைக் குறிப்பாகத் தெரிவிப்பின் நன்றியுடையேன். அவற்றை அவளுக்கும் படித்துக் காட்டுவேன்.